நூல் கோத்த ஊசி

மிளகு தேடிப் போன பிரிஸ்டல் கப்பல் ஒரு பீப்பாய் மீனோடும் புதிதாக ஒரு தேசத்தோடும் திரும்பியதில் இங்கிலாந்தின் ட்யூடர் அரண்மனை அமர்க்களப்பட்டது. தேசப்படம் வரையும் கில்பர்ட்டிடம், “ஆளில்லாத நிலம்னு பெருசா எழுதுப்பா. ஆள் இருந்தா அது எப்படி நம்ம ராஜாவோடதாகும்?” என்றார் மந்திரி.

அந்தக் கரையில் கிடந்ததென்று மாலுமி கொண்டுவந்த எலும்பு ஊசி மேசைமேல் இருந்தது. அதில் நூல்கூடக் கோத்திருந்தது.

“அப்போ இது யாரோடது பிரபு?”

“உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான கில்பர்ட், தங்க மை தொட்டு ‘ஆளில்லாத நிலம்’ என்று அழகாக எழுதினான். மந்திரி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு அந்த எழுத்துகளுக்கு அடியில், எறும்பளவுக்கு ஒரு பெண்ணை வரைந்தான். அவள் குனிந்து மணலில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.