பூக் கேட்ட வெள்ளிக்கிழமை

“அந்த போனக் கீழ வச்சிட்டு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. பொண்ணுக்கு ஆப்ரேசன் பண்லாமா, வாணாமா?”

அமிர்தம் கேட்டதும் பச்சமுத்து நிமிர்ந்தான். அதற்குள் கைப்பேசி மறுபடியும் சிணுங்கிற்று. கண்கள் தாமாகவே கீழே இறங்கின.

“ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக்கினு இருக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?”

மகள் தேன்மொழிக்கு ஏழு வயது. இதயத்தில் சிறு துளை. நாலெட்டு ஓடினாலே மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவாள். ‘அறுவை செய்தால் மற்றப் பிள்ளைகளைப் போல் ஓடுவாள், தள்ளிப் போடாதீர்கள்’ என்று சேலத்து மருத்துவர் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருந்தார். அந்தத் தெளிவு சங்கராபுரம் பேருந்து நிலையம் வரையில்தான் நிலைத்தது. செய்தி கைப்பேசியில் உறவினர் குழுவில் ஏறியதும் வந்து குவிந்தவை கொஞ்சமா! துளையை அடைக்கும் கஷாயம், வெள்ளிமலைத் தேன், ‘கத்தி வைக்காதீர்’ என்று கண்ணீர் விடும் காணொளி, அதை மறுக்கும் காணொளி, அந்த மறுப்புக்கும் ஒரு மறுப்பு. ஏரி உடைந்து ஊருக்குள் புகுந்த நாளில் குடிக்க ஒரு குடம் நீர் கிடைப்பதில்லை அல்லவா? அந்தக் கதைதான்.

மருத்துவமனை அனுப்பிய செய்தியே அவ்வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. அமிர்தம் துழாவி எடுத்தபோது கெடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. இன்று மாலைக்குள் வருகிறோமென்று சொல்லாவிட்டால், தேன்மொழிக்குக் குறித்த நாள் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும்.

“இன்னாடி, என் தம்பிய மெரட்டிக்கினு இருக்கற?”

அடுத்த வீட்டிலிருந்து பச்சமுத்துவின் அக்கா குஞ்சம்மாள் வந்தாள். குழுவில் அதிகம் அனுப்பியவள் அவளே.

“மெரட்டல அண்ணி, பதில் கேக்கறேன். நீங்க அனுப்பறத எல்லாம் பாத்து முடிக்கறதுக்குள்ள எம் பொண்ணு சமஞ்சிடுவா.”

“உனுக்குதான் பொண்ணா? எனுக்கு இன்னா ரோட்ல போற புள்ளையா அவ?” குஞ்சம்மாளின் குரல் தழுதழுத்து, மறுகணமே கடுத்தது.

“சரிக்கா, நீ இன்னா சொல்ற?” என்றான் பச்சமுத்து.

“நான் சொல்றதுக்கு இன்னாடா இருக்குது? அத்தினி பேரு சொல்றாங்களே, பாக்கலியா?” அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். “ஏரிக்கர பச்சையம்மாகிட்ட பூ கேட்டுடலாம். வெள்ளப் பூ வந்தா சேலம். செவப்பு வந்தா வூட்டு வைத்தியம். பொட்டலம் நானே கட்டியாறேன்.”

பச்சமுத்துவுக்குப் போன உயிர் மீண்டது. “அதான் சரி. ஆத்தாளே சொல்லிட்டா அப்பறம் எவன் பேசுவான்?”

அமிர்தத்துக்கோ நம்பிக்கை வரவில்லை. கட்டுகிறவள் அண்ணி. ஒன்றில் மல்லிகையும் மற்றதில் செவ்வரளியும் வைக்க வேண்டும். இரண்டிலும் அரளியையே வைத்துவிட்டால் யார் கண்டார்கள்?

தோட்டத்துக்குப் போய் வாழையிலை கிழித்தாள், நார் உரித்தாள். இரண்டு பொட்டலம் கட்டினாள். இரண்டிலும் மல்லிகை. மடியில் செருகிக்கொண்டாள். ‘தாயே, உன் திருமுன் பொய்யை ஏந்தி வருகிறேன். தண்டிப்பதானால் என்னைத் தண்டி. என் குழந்தையின் மூச்சை மட்டும் காத்துக் கொடு.’

ஏரிக்கரைக் கோயிலில் குஞ்சம்மாள் தன் பொட்டலங்களை அம்மனின் திருவடியில் வைத்துக் கண்ணை மூடினாள். பூசாரி பொன்னுரங்கம் கற்பூரம் எடுக்கத் திரும்பினார். குழுவினர் நேரலையில் காணக் கைப்பேசியை எங்கே சாய்த்து வைப்பதென்று பச்சமுத்து தூண்தூணாகத் தேடிக்கொண்டிருந்தான். அமிர்தம் விழுந்து வணங்கினாள். எழுந்தபோது திருவடியில் இருந்தவை அவள் கட்டியவை, மடியில் இருந்தவை அண்ணி கட்டியவை.

“எதுனா ஒண்ண எடும்மா, கண்ணு,” என்றார் பூசாரி.

தேன்மொழி எடுத்து நீட்டினாள். நார் அவிழ்ந்தது. மல்லிகை!

“இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டுங்க சாமி, குழுவுல கேக்கறாங்க,” என்றான் பச்சமுத்து.

அமிர்தம் தடுக்கக் கை நீட்டினாள். ஆனால் பாய்ந்து அந்தப் பொட்டலத்தைப் பறித்தவள் குஞ்சம்மாள்.

“ஆத்தா வாக்குக் குடுத்தப்பறம் இன்னாடா ஆராச்சி?” என்று அதட்டி, அதை ஏரி நீரில் வீசினாள். பிறகு கைப்பேசியைப் பிடுங்கி முழங்கினாள். “எல்லாரும் கேட்டுக்கோங்க. உத்தரவு ஆயிடுச்சி. புள்ள சேலம் போவுது. இனிமே எவனாவது கஷாயம், கிஷாயம்னு அனுப்பனீங்க, வூடு தேடி வந்து வாயிலயே ஊத்துவேன்.”

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தோற்றுப்போன ஆத்திரம் என்று எண்ணிக்கொண்டாள் அமிர்தம்.

குழு அடங்கிற்று. அந்த அமைதியில் பச்சமுத்து மருத்துவமனையை அழைத்தான். “வர்றோம்ங்க. கட்டாயம் வர்றோம்ங்க.” அவன் குரல் இத்தனை நாளில் முதன்முறையாகத் தெளிந்திருந்தது.

எல்லாரும் முன்னே நடக்க, அமிர்தம் மடியிலிருந்ததை ஏரியில் விட்டுவிடப் படியிறங்கினாள். ஒரு கணம் தயங்கினாள். அண்ணி செய்த வஞ்சனையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டாமா?

முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். மல்லிகை. முகம் சிவந்தது. ஐயோ, அண்ணி நியாயமாகத்தான் கட்டியிருக்கிறாள். அப்படியானால் அரளி மற்றதில் இருக்கிறது.

மற்றதையும் பிரித்தாள், அதிலும் மல்லிகையே இருந்தது.