சதுரமும் செவ்வகம்தான்

"சதுரத்தைக் கொண்டுபோய் செவ்வகங்க வைக்கிற தட்டுல ஏம்மா போட்டே?"

மதிப்பீட்டுக்கு வந்திருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். மூன்றாம் வகுப்புச் சிறுமி தட்டில் இருந்த சதுர அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி பெஞ்சில் இருந்த வகுப்பு டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காலையிலிருந்து பதினாலு பிள்ளைகள் வந்துபோயாயிற்று. அத்தனை பேரும் கிளிப்பிள்ளை மாதிரி சதுர அட்டையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். ஆசிரியர் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. வகுப்பில் டீச்சர் நடத்தியதும் அப்படித்தான்.

இந்த ஒருத்திதான் வேறு மாதிரி.

எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'நத்தை' என்று பெயர். மொழிப் பாட மதிப்பீட்டில் ஏற்கெனவே தேறவில்லை. கணக்கிலும் போனால், நேராக வராந்தாக் கோடியில் இருக்கும், பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனிப்பிரிவுதான். அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

அதற்காகவே டீச்சர் ரெண்டு மாதமாக மதிய இடைவேளையில் அவளை உட்காரவைத்து, குச்சிகளை அடுக்கிச் சொல்லிக்கொடுத்தார். எழுத்துக்குத் திணறிய பிள்ளை வடிவங்களைக் கண்டதும் துள்ளியது. ஒருநாள் அவளே கேட்டாள், "அப்ப சதுரமும் செவ்வகம்தானே டீச்சர்?"

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு, "ஆமாடி தங்கம்" என்றார்.

இப்போது அதிகாரி பொறுமையாகத் திரும்பக் கேட்டார். "பயப்படாம சொல்லும்மா."

சிறுமி ஒரு காகிதத்தின் மூலையை எடுத்து, சதுரத்தின் நாலு மூலையிலும் வைத்துக் காட்டினாள். "நாலும் நேரா இருக்கு சார். எதிரெதிர்ப் பக்கமும் சமம். செவ்வகத்துக்கு அது போதும்ல? நாலு பக்கமும் ஒண்ணாயிருந்தா சேர்த்துக்க மாட்டாங்களா?"

அதிகாரி நிமிர்ந்தார். சாய்சதுர அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கும்தான் நாலு பக்கம் சமம். இதை ஏன் வெளியே வெச்சே?"

"அதோட மூலை சாஞ்சிருக்கு சார்."

அவர் பேனாவை மூடினார். டீச்சரிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணு சொல்றது சரி டீச்சர். கையேடுதான் தப்பு. ஆனா கையேட்டுல இல்லாத விடைக்கு, நீங்க இப்படி நடத்தியிருந்தாத்தான் முழு மதிப்பெண் போட எனக்கு இடமிருக்கு. என்ன, 'வகுப்பு ஆசிரியர் கையேட்டை விட்டு விலகி நடத்தியிருக்கிறார்'னு அறிக்கையில ஒரு வரி எழுதணும். நீங்க கையெழுத்துப் போடணும். சொல்லுங்க, நடத்தினீங்களா?"

ஒரு வரி.

தலைமையாசிரியர் பதவிக்கான பட்டியலில் டீச்சர் பெயர் மூன்றாவதாக இருந்தது. பதினெட்டு வருஷ உழைப்பு. அடுத்த வாரம் இறுதி முடிவு. இந்த நேரத்தில் அறிக்கையில் ஒரு வரி.

டீச்சர் சிறுமியைப் பார்க்கவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை சார். நான் கையேட்டுல இருக்கறதைத்தான் நடத்தினேன். இவ... இவ கொஞ்சம் பின்தங்கின பிள்ளை. அவளா ஏதோ வெச்சிருக்கா."

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. சிறுமியின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"உனக்கு இதை யாரும்மா சொல்லிக்கொடுத்தா? நிஜத்தைச் சொல்லு."

குழந்தை பொய் சொல்லாது. சொல்லத் தெரியாது. தொலைந்தோம் என்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரும் சொல்லித் தரல சார்" என்றது அந்தச் சின்னக் குரல். "எனக்குச் சரியாத் தெரியல. சும்மா வெச்சேன்."

அதிகாரி தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

மாலை பெல் அடித்ததும் டீச்சர் அவளைத் தேடிக்கொண்டு ஓடினார். தனிப்பிரிவுக்கு மாற்றும் சீட்டு அதற்குள் அவள் கைக்கு வந்திருந்தது. அதை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி கண்ணு அப்படிச் சொன்னே? நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

சிறுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை.

"நீங்க ரொம்பப் பயந்துட்டீங்க டீச்சர். பாவமா இருந்துச்சு."