சேர்த்துக்கொள்ள ஒரு வார்த்தை

“‘எக்ஸ்ட்ரா’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தேவைக்கு மேல மிஞ்சிப்போனதைத்தான் அப்படிச் சொல்வாங்க” என்றாள் ஃப்ளோரா.

“ஹார்பர்ல தெனமும் சொல்றமே, எக்ஸ்ட்ரா மூட்டன்னு!” ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான் அவள் கணவன் கஸ்பார்.

“அதான் வேணாங்கறேன். வர்றது மூட்டையா?”

ராயபுரத்துக் கோயிலில் பூசை முடிந்ததும் இருவரும் கன்னியர் மடத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஒரு ஜீவனைத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்ள ஃப்ளோரா ஏற்கெனவே கேட்டிருந்தாள். மடத்து மதர் வெள்ளைக்காரர்; தமிழ் வராது. “உன் கணவன் தன் வாயால் கேட்கட்டும். ஆசையாகக் கூட்டிப்போய், அலுத்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“சரி, ‘அட்டாச்’?”

“பேசின் பிரிட்ஜுல ரயில் பெட்டியைக் கோக்கற மாதிரி இருக்கு. அடுத்த ஸ்டேஷன்ல கழட்டி விட்டுடுவியான்னு மதர் கேப்பாங்க.”

“‘ப்ளஸ்’?”

“அது கணக்கு.”

“‘இன்க்ரீஸ்’?”

“அரிசி விலை.”

“இன்னாம்மே இது! இத்தினி வார்த்தய வச்சிக்கினு ஒண்ணுகூட ஒத்துவரலன்னா, வெள்ளக்காரன் எதத்தான் சேத்தான்?”

ஃப்ளோரா சிரித்துவிட்டாள். “‘ஆட்’ போதும். ‘வீ வாண்ட் டு ஆட் ஒன் டு அவர் ஃபேமிலி.’ எங்கே, சொல்லுங்க.”

சொன்னான். ‘ஃபேமிலி’ மட்டும் தொண்டையில் சிக்கியது.

பக்கத்து வீட்டு டோரதி எட்டிப் பார்த்தாள். “இன்னாடி, சோத்த இப்பிடிக் கொழைய வச்சிக்கீற?”

“பல்லு இல்லையேக்கா. வந்ததும் பசிக்கும்ல?”

“ஆம்பளயா, பொம்பளயா?”

“பொம்பளதான்.”

“ராத்திரில தூங்க வுடாது, பாத்துக்க. ஆனா ஒண்ணுடி, இந்தத் தெருவுல வேற எவளுக்கும் இந்த மனசு வராது.”

மடத்தில் மதர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “யெஸ், கஸ்பார்?”

கஸ்பாருக்கு ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கைகளைப் பிசைந்தான். ஃப்ளோரா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் அடியெடுத்துக் கொடுத்தால் எல்லாம் கெட்டுவிடும்.

“மதர்... வீ டூ.” இரண்டு விரலைக் காட்டினான். “டூ நோ குட். வீ த்ரீ. ஆல்வேஸ் த்ரீ. நோ ரிட்டர்ன், மதர்.”

நன்றாக இங்கிலீஷ் பேசியவர்கள் எத்தனையோ பேர் அந்த அறைக்கு வந்து போயிருக்கிறார்கள். யாருக்காகவும் எழுந்திராத மதர் எழுந்து வந்து அவன் தோளில் கைவைத்தார். ஃப்ளோரா தன் கணவனை அன்றுதான் புதிதாகப் பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதர் கதவைத் திறந்து குரல் கொடுத்தார். கைத்தடியை ஊன்றி மெல்ல வெளியே வந்தாள், பார்க்க வர ஒருவரும் இல்லாத ஆலிஸ் கிழவி.

பெற்றவள் முகமே தெரியாமல் அநாதை விடுதியில் வளர்ந்த அந்த இருவரும், ஆளுக்கொரு கையைப் பிடித்து, தங்களுக்கென்று ஓர் அம்மாவை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.