இரட்டைச் செக்

இருளம்மாள் மறுபடியும் கையை ஆட்டினாள். இரண்டு விரலை நீட்டினாள், மடக்கினாள், உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

நடுவர் ஹெப்சிபா டீச்சர் அதையும் பார்த்துவிட்டார். ராஜபாளையம் கல்யாண மண்டபத்தில் மாவட்டச் சதுரங்க இறுதி ஆட்டம் அது. ஜெயிப்பவருக்கு மாநிலப் போட்டியில் இடம். ஜன்னலை ஒட்டிய மேசையில் ஒரு பக்கம் நூற்பாலை முதலாளி ஆவுடையப்பனின் மகன் பிரேம்குமார். எதிரே, அதே ஆலையில் மிஷின் ஓட்டும் தங்கப்பாண்டியன். மூன்று வருடமாக அரையிறுதியோடு வீடு திரும்பிய மனுசன். ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு முன்னால், தூக்குவாளியும் கையுமாக அவர் மனைவி இருளம்மாள்.

அவள் கையை ஆட்டுவதும், அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் காயை நகர்த்துவதுமாக ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. கொஞ்சம் மறைவாகவாவது செய்யக்கூடாதா? மோசடி என்று முடிவானால் மனுசன் ஆயுசுக்கும் போட்டியில் ஆட முடியாதே. டீச்சருக்குக் கோபத்தைவிடப் பாவமாகத்தான் இருந்தது.

கடைசியில் ஆவுடையப்பனே எழுந்துவிட்டார்.

"டீச்சர், அந்தப் பொம்பளை நின்னு சாடை காட்டிக்கிட்டு இருக்கா, நீங்க வேடிக்கை பாக்கிய. மொதல்ல ஜன்னலைச் சாத்துங்க."

வேர்க்கிறது, திறந்தே இருக்கட்டும் என்று பிரேம்குமார் முனகினான். அப்பா முறைத்த முறைப்பில் அடங்கிப்போனான். டீச்சர் ஜன்னல் கதவுகளைச் சாத்திக் கொண்டி போட்டார்.

தங்கப்பாண்டியன் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்து நிதானமாக மாட்டிக்கொண்டார். ஏழெட்டுக் காய் நகர்ந்திருக்கும். அவருடைய குதிரை ஒரு துள்ளல் துள்ளி விலகியது. குதிரையும் செக், அது மறைத்துக்கொண்டிருந்த யானையும் செக். ஒன்றை வெட்டினால் இன்னொன்று நிற்கும். ராஜா ஓடித்தான் தப்ப வேண்டும், ஓடக் கட்டமில்லை.

ஆவுடையப்பன் குதித்தார். இவள் முன்கூட்டியே எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டாள், ஆட்டம் செல்லாது, புருசன் பெண்டாட்டி இரண்டு பேரையும் போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். டீச்சர் இருளம்மாளை உள்ளே கூப்பிட்டு, கையால் என்னதான் சொன்னாய் என்று கேட்டார்.

"மில்லுல மிஷின் எரைச்சல்ல பேச்சு காதுல விழாது டீச்சர். நாங்க கையாலதான் பேசிக்கிடுவோம். கஞ்சி ஆறுது, வெரசா முடிச்சிட்டு வாங்கன்னு சொன்னேன். மொதலாளி ஒரு நாளாச்சும் மிஷின் பக்கம் வந்திருந்தா அவியளுக்கே வெளங்கியிருக்கும்."

"அதையேவா ஒரு மணி நேரமாச் சொல்லிக்கிட்டு இருந்த?"

"ஆமா டீச்சர். மொதலாளிக்குக் கோவம் வர அம்புட்டு நேரம் ஆயிருச்சு."

டீச்சருக்குப் புரியவில்லை. பிரேம்குமார் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இருளம்மாள் தூக்குவாளியைப் புருசனிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"எம் பின்னால நின்னு மொதலாளியோட கார் டிரைவரு போனைப் பாத்துப் பாத்துத் தம்பிக்குச் சாடை காட்டுறாருன்னு நாங்க சொல்லியிருந்தா, நீங்க ஜன்னலைச் சாத்தியிருப்பியளா?"