ரிப்பன் வாசல்

ஆர்த்தி நீட்டிய தண்ணீர் பாட்டிலை மல்லாட்டைக்காரி பாஞ்சாலி புறங்கையால் தள்ளிவிட்டாள்.

சித்திரை வெயில். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன பஸ் ஸ்டாண்டில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. முதல் பஸ்ஸுக்கே வேர்க்கடலைக் கூடையை இறக்கிவிடும் பாஞ்சாலி, பொழுது சாய்ந்து வீடு போகும்வரை ஒரு சொட்டு குடிக்க மாட்டாள். பக்கத்துப் பூக்காரியும் அப்படித்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிகள்கூட உதட்டை நனைப்பதோடு சரி.

எதிரிலேயே, கட்டி இரண்டு வருஷமாகியும் ஈ காக்கை நுழையாத பெண்கள் கழிப்பறை.

அதைப் பூட்டி சாமான் போடும் அறையாக்கத்தான் பேரூராட்சி இன்ஜினியர் விருத்தாசலம் புதுப் பூட்டோடு வந்திருந்தார். ஏன் யாரும் போவதில்லை என்று பார்த்துச் சொல்ல, ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவள் ஆர்த்தி. அவள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மூக்கின் மேல் கோபம்.

"இதுங்களுக்குப் பழக்கமில்லம்மா. வயக்காட்டுக்குப் போய்க்கினு இருந்த ஜனம். பளிங்குல கட்டி வெச்சாலும் வராது" என்றார் அவர்.

ஆர்த்திக்குச் சுருக்கென்றது.

"சரி சார். யாரும் வராத எடந்தான? நீங்க ஒருவாட்டி உள்ள போய்ட்டு வாங்க. அப்புறம் பூட்டிக்கலாம்."

"இதுல இன்னா இருக்குது" என்று அவர் கிளம்பினார்.

கழிப்பறை வாசலுக்கு நேர் எதிரே டீக்கடை. பெஞ்சு நிறைய ஆண்கள். அவர் நடக்க நடக்க டம்ளர்கள் உதட்டருகே நின்றன. விரித்த பேப்பர் தாழ்ந்தது.

"இன்னா சார், அவ்ளோ ஜல்தி? காலைல நாஷ்டா ஒத்துக்கலையா?"

பெஞ்சு மொத்தமும் சிரித்தது.

விருத்தாசலம் கதவைத் தொடாமலே திரும்பி வந்தார். காது மடல் சிவந்திருந்தது. கையிலிருந்த பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிளான்ல பின்பக்கந்தாம்மா வாசல் போட்டிருந்தேன். திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டுறது ரோட்டுக்குத் தெரியணும்னு மாத்தச் சொன்னாங்க."

"ரிப்பன் அன்னைக்கே அறுந்துச்சு சார். வாசல் இன்னும் அங்கியே நிக்குது."

அவர் பூட்டை பேன்ட் பைக்குள் போட்டார். கட்டடத்தின் பின்னால் போய், ஒரு செங்கல் துண்டை எடுத்து, சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கதவு வரைந்தார். இடித்துக் கதவு வைக்க ஒரு வாரமாகும் என்றார்.

ஒரு வாரம் பொறுக்கிற ஜென்மமா அவள்? மூலையில் சுருண்டு கிடந்த திறப்பு விழா ஃப்ளெக்ஸை இழுத்து வந்தாள். ஒரு முனையை அவர் பிடித்தார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியதும், கும்பிட்ட கைகளும் சிரித்த முகங்களும் டீக்கடையைப் பார்த்து நின்றன. வாசல் அதன் பின்னால் மறைந்தது.



பிறகு பாஞ்சாலி பூக்காரியிடம் கூடையைக் கண்ணால் காட்டிவிட்டு எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, ஓரமாக நடந்து, ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் போனாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள், ஆர்த்தியின் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

"அத்தக் குடு."

தலையை அண்ணாந்து, கழுத்து வழியே வழிய வழியக் குடித்தாள். பாட்டில் பாதி காலியானது.

கல்லூரிக்கு ஆர்த்தி தினமும் பஸ் ஏறியது இங்கேதான். அந்தக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து அம்மா தண்ணீர் குடித்து அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை.