கப்பல் மாத்திரை

"நேத்தும் ஜெபமாலை சொல்லச்சொல்லத் தூங்கிப்பூட்டேன் ஃபாதர். அவ வலியோட முழிச்சிகினு கெடக்கறா. நான்லாம் ஒரு மனுசனா?"

ராயபுரத்துக் கோயிலில், பாவசங்கீர்த்தனக் கூண்டருகே முழந்தாளிட்டு லியோனார்ட் குமுறினான்.

மனைவி வியாகுலத்துக்கு மார்பில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கிறார்கள். அந்த உடம்புக்குத் தூக்கம்தான் தெம்பு என்று, தான் வேலை பார்க்கும் துறைமுகத்துக்கு வந்த கப்பலின் டாக்டரைக் கெஞ்சித் தூக்க மாத்திரை வாங்கிவந்து கொடுத்திருந்தான். "போட்டுக்கினேன்யா" என்பாள் தினமும். ஆனாலும் அவளுக்குக் கண் மூடாது. இவனோ சாப்பிட்டுக் காபி குடித்ததும் கட்டைபோல் சாய்ந்துவிடுவான்.

"இன்னிக்கி முழிச்சிருந்து அவளுக்காக வேண்டிக்கோ. அதுதான் உனக்குப் பரிகாரம்" என்றார் பாதிரியார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஜெபமாலையோடு கட்டிலருகே உட்கார்ந்தான்.

"வியாகுலம், இன்னிக்கி சத்தியமா தூங்கமாட்டேன்."

"தெரியும்யா" என்று காபித் தம்ளரை நீட்டினாள் அவள். "மாத்திரைதான் நேத்தோட தீந்துபூட்ச்சே."

லியோனார்ட் தம்ளரையே பார்த்தான்.

"அது உனுக்கு வாங்கியாந்தது, வியாகுலம்..."

"என்னிய நெனச்சிகினு ராவெல்லாம் முழிச்சிட்டு, செவந்த கண்ணோட கிரேன் ஏறப் போயிகினு இருந்தே. நான் தூங்காட்டி இந்தக் கட்டில்லதான் கெடப்பேன். நீ அம்மாம் ஒசரத்துல கண்ணசந்தா?"