மூன்றாவது சர்வர்

சர்வர் பெட்டியின் பின்னால் இருந்து வந்த சூட்டில் இரண்டு காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. சங்ஹுன் அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"டீச்சர், இங்கேயா நம்ம இணையதளத்தைக் கொண்டுவந்து வச்சீங்க?"

யுன்ஜூ காலுறைகளிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இஞ்சன் நகரில் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் பாடம் நடத்துபவள். இந்த நிறுவனத்தில் கணக்கைத் தன் பெயரில் தொடங்கியதும் அவள்தான்.

பூச்சோன் நகரில், ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது, இணையதளங்களுக்கு சர்வரை வாடகைக்கு விடும் அந்த ஹோஸ்டிங் நிறுவனம். முதலாளி மா, ரப்பர் செருப்பும் கசங்கிய சட்டையுமாக எழுந்து வந்தார். மேஜைமேல் பாதி தின்ற கறுப்புச் சாறு நூடுல்ஸ்.

"உக்காருங்க சார். சாப்டீங்களா?"

"உங்க இடத்துல சோறு இறங்குமாய்யா?" என்றான் சங்ஹுன். "பத்து வருஷமா சம்பளம் வாங்காம எட்டுப் பேரு உழைக்கிறோம். சாதாரண எழுத்தைப் பிரெயிலா மாத்துற மென்பொருள். யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம். அதைத் தாங்க ஒரு உருப்படியான சர்வர் இந்த நாட்டுல இல்ல!"

முதல் நிறுவனம் மூன்று மாதத்தில் கைவிரித்தது. இரண்டாவது, ஒரு வார்த்தை சொல்லாமல் தளத்தையே அணைத்தது. இது மூன்றாவது. வந்த நாளிலிருந்து பெரும்பாலான நாட்களில் காலை பத்து மணிக்குத் தளம் படுத்துவிடுகிறது. போன வாரம் யுன்ஜூவின் பிள்ளைகளுக்குத் தேர்வுத்தாள் அச்சிட முடியவில்லை. பதினேழு பிள்ளைகள் வெறும் மேஜையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று இரவே சங்ஹுன், 'இந்த ஆள் மோசடிப் பேர்வழி, யாரும் நம்பாதீர்கள்' என்று மாவின் பெயரைப் போட்டே இணையத்தில் எழுதிவிட்டான்.

"நீங்க எழுதினதைப் பாத்து ரெண்டு வாடிக்கையாளர் போயிட்டாங்க சார்," என்றார் மா, மெதுவாக.

"போகட்டும். பெரிய பெரிய இடமெல்லாம் எங்களை நம்பி இருக்கு. நான் வேலை பாக்குற காப்பீட்டுக் கம்பெனியே, கண் தெரியாத வாடிக்கையாளருக்கு இதுலதான் கடிதம் அனுப்புது. அங்க கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு, நானே உக்காந்து இணைச்சுக் கொடுத்தேன். என் மானம் போகுதுய்யா உங்களால!"

"அண்ணே, அவரும் ஏதோ சொல்ல வர்றாரு. கேளுங்களேன்," என்றாள் யுன்ஜூ.

மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சூசோக் பண்டிகை லீவுல தளம் படுத்துச்சா? சனி, ஞாயிறு படுக்குதா? இல்லல்ல? அப்ப கோளாறு சர்வர்ல இல்ல சார். நாலு நாளா தூங்காம பாத்தேன். ஒரே இடத்திலேர்ந்து ஒரு நாளைக்கு எண்பதாயிரம் தடவை உங்க மென்பொருளோட பிரெயில் அகராதி முழுசையும் இறக்குறாங்க."

"எண்பதாயிரமா!" என்றாள் யுன்ஜூ.

"ஒரு தடவை இறக்கி வச்சுக்கிட்டா போதும். எந்தப் புண்ணியவானோ, ஒவ்வொரு தடவையும் மொத்தத்தையும் புதுசா இழுக்குற மாதிரி எழுதி வச்சிருக்கான். பழைய ரெண்டு கம்பெனியும் இதுலதான் செத்திருக்கும். இணைய முகவரிப் பதிவேட்டுல தேடிப் பாத்தேன், அது யாருன்னா..."

"ச்சீ!" சங்ஹுன் குறுக்கே பாய்ந்தான். "பேரைச் சொல்லாதீங்க, காது அழுகிடும். ஓசின்னா பினாயிலக்கூடக் குடிக்கிற ஜென்மம். குருட்டுப் பிள்ளைங்க தட்டுல கைவச்சுத் திங்குற நாய். நம்பர் இருக்கா?"

"வலையமைப்புப் பொறுப்பாளரோட கைபேசி நம்பர் போட்டிருக்கு."

"போடுங்க. கிழிச்சுத் தொங்க விடுறேன்."

மா எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தி, கைபேசியைக் காதில் வைத்தார்.

சங்ஹுன் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "நல்லாப் படிச்சவனாத்தான் இருப்பான். கோட்டு சூட்டு வேற போட்டிருப்பான். த்தூ!" சட்டைப் பையில் அதிர்ந்த கைபேசியை எடுத்து, எண்ணைக்கூடச் சரியாகப் பார்க்காமல் துண்டித்தான். "கடன் வேணுமான்னு கேக்குறவனுங்க, நேரங்காலம் தெரியாம."

மா காதிலிருந்து கைபேசியை இறக்கினார். "கட் பண்ணிட்டாங்க சார்."

"பாத்தீங்களா! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? விடாதீங்க, திரும்பப் போடுங்க. டீச்சரும் கேக்கட்டும், சத்தமா வைங்க."

மா ஒலிபெருக்கியைப் போட்டு, கைபேசியை நூடுல்ஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மணி போகும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

சங்ஹுனின் உள்ளங்கையில் கைபேசி அதிர்ந்தது. எரிச்சலோடு துண்டிக்கப் போன கட்டைவிரல் பாதியில் நின்றது. அவன் திரையைப் பார்த்தான். பிறகு மேஜைமேல் இருந்த கைபேசியைப் பார்த்தான்.

யுன்ஜூ வாயில் கைவைத்துக்கொண்டாள்.

ஒன்று விடாமல் ஒலித்தது, மற்றது விடாமல் அதிர்ந்தது. மா நூடுல்ஸ் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, கொஞ்சமும் குரல் உயர்த்தாமல் சொன்னார்:

"இந்தத் தடவை எடுத்துப் பேசிடுங்க சார்."